இரண்டு சட்டமும் ஒரு தகடும்

கென்டக்கி
மே 6, 2008

கர்த்தருக்குள் அன்பான மாலோன் அண்ணனுக்கு,

தங்கை சலோமா எழுதுவது. இங்கே நாங்கள் ஆறு பேரும், இரண்டு பசுக்களும், சினைக் குதிரையும் சுகம். ஃபேனி மதினியின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? குளிர் போன பிறகாவது ஊன்றுகோலை விட்டு நடக்கிறார்களா? அவர்களைக் கீழே தள்ளிய அந்தக் குதிரையை நீங்கள் வாங்கியே இருக்கக் கூடாது. இதைப் பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். ஏனோஸைப் போலீஸ் மூன்றாவது தடவையாக மறித்துவிட்டது. குதிரை வண்டிக்குப் பின்னால் ஆரஞ்சு முக்கோணத் தகடு இல்லையாம். மெதுவாகப் போகிற வண்டி என்று காட்ட டிராக்டருக்கு மாட்டுவார்களே, அதே தகடு. உங்கள் மச்சானைத்தான் தெரியுமே. "அந்த மினுக்குற நிறமெல்லாம் உலகத்தாருக்கு. எங்களக் காக்குறது தேவன், தகடு இல்ல" என்று சொல்லியிருக்கிறார். டாக்கெட் என்கிற அந்தப் போலீஸ்காரர் நல்ல மனிதர். "தேவன் பாத்துக்குவாருங்க. ஆனா லாரிக்காரன் கண்ணுக்கும் நீங்க தெரியணுமில்ல?" என்று கேட்டு, ஒரு புதுத் தகட்டைக் கையில் திணித்து, கூடவே அபராதச் சீட்டையும் கிழித்துக் கொடுத்தாராம். ஏனோஸ் தகட்டை விறகுக் கொட்டகையில் வீசிவிட்டார். அபராதம் கட்டினால் தப்பை ஒத்துக்கொண்டதாகும், கட்ட மாட்டேன் என்கிறார். கட்டாவிட்டால் ஜெயில்.

வியாழக்கிழமை சந்தைக்குப் பிள்ளைகளோடு கல்குவாரி மேட்டு வழியாகத்தான் போனேன். லாரிகள் வேகத்தைக் குறைத்து விலகிப் போயின. தேவனுக்கு ஸ்தோத்திரம்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

சலோமா


மின்னசோட்டா
மே 19, 2008

அன்புத் தங்கை சலோமாவுக்குச் சமாதானம்.

இங்கே எல்லாரும் சுகம். ஓட்ஸ் விதைத்தாயிற்று. மழைதான் வேண்டும்.

ஏனோஸ் மச்சானிடம் அசைய வேண்டாம் என்று சொல். இதே தகட்டுக்காகப் பதினெட்டு வருடத்துக்கு முன் நானும் ஏழு நாள் ஜெயிலில் இருந்தவன். அதை உன்னை நான் மறக்கவிட்டதும் இல்லை! கேள். நம்மைப் போல காரும் கரண்டும் வேண்டாம் என்று வாழும் ஆமிஷ்காரர் அல்லாத எல்லாரையும் இங்கிலீஷ்காரர் என்றுதானே சொல்கிறோம்; அந்த இங்கிலீஷ்காரர்களிடம் இரண்டு அரசியல் சட்டம் உண்டு. நாடு முழுவதற்கும் பெரிதாக ஒன்று, மாநிலத்துக்கு மாநிலம் தனியாக ஒன்று. பெரிய சட்டத்தைக் காட்டிக் கேட்டபோது, ஊருக்கெல்லாம் உள்ள விதி உங்களுக்கும்தான் என்று கைவிரித்துவிட்டார்கள். பிறகு எங்கள் மாநில நீதிபதிகள் தங்கள் சட்டத்தைத் திறந்தார்கள். அதில் மனச்சாட்சி என்ற வார்த்தை இருந்தது. வேறு வழி இருக்கும்போது ஒருவனுடைய மனச்சாட்சியை நெருக்கக் கூடாது, வண்டிக்குப் பின்னால் வெள்ளி நாடாவும் சிவப்பு லாந்தரும் போதும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பெரிய சட்டம் போட்ட வேலியை உள்ளே தள்ளி நம் இடத்தைக் குறைக்க எந்த மாநிலத்துக்கும் அதிகாரம் இல்லை. வெளியே தள்ளிப் போட்டுக் கூடுதல் இடம் தரலாம்.

நூலகத்துக்குப் போய் உங்கள் கென்டக்கிச் சட்டத்தையும் பார்த்துவிட்டேன். மனச்சாட்சியின் உரிமையில் எந்த மனித அதிகாரமும் எந்த நிலையிலும் தலையிடக் கூடாதாம். எங்களுடையதைவிட அழகாக இருக்கிறது! நீதிபதியை அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

லாரிகள் விலகிப் போனது பார்த்தாயா? தகடு இல்லாமலே! அதுதான் விசுவாசம்.

அப்படியும் நடக்காவிட்டால் இங்கே வந்துவிடுங்கள். என் பக்கத்து நிலம் விலைக்கு வருகிறது.

உன் அண்ணன்,
மாலோன்


கென்டக்கி
ஜூன் 10, 2008

வக்கீல் அண்ணனுக்கு வணக்கமும் வாழ்த்தும்.

பிள்ளைகள் சுகம். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். முந்தின இரண்டு அபராதத்தையும் கட்டவில்லை என்று ஏனோஸைப் பத்து நாள் ஜெயிலில் வைத்துவிட்டார்கள். நாலு பிள்ளைகள், இரண்டு பசு, ஒரு குதிரை என்று ஏழு பசியும் பால்கறவையும் என் ஒருத்தி தலையில். ஜெயில் உடுப்பு ஆரஞ்சு நிறமாக இருந்துவிடுமோ என்று ஊரே பயந்தது. கறுப்பு வெள்ளைக் கோடாம். "சபை மூப்பர் சம்மதிப்பாரா?" என்று கேட்டு இவர் அதற்கும் அரை மணி நேரம் யோசித்தாராம்.

நம் சபையில் மொத்தம் எட்டுப் பேர் மேல் வழக்கு இன்னும் பாக்கி. நாம் வக்கீல் வைப்பதில்லை. ஆனாலும் உரிமைச் சங்கம் ஒன்றிலிருந்து ஒரு வக்கீலம்மா தானாகவே வந்து நிற்கிறார். நீங்கள் எழுதி அனுப்பிய வரியைக் காட்டினேன். "இதான்மா நம்ம முழு வழக்கே" என்றார்.

மதினியைப் பற்றிக் கேட்டால் 'எல்லாரும் சுகம்' என்று மந்தையோடு சேர்த்து எழுதுகிறீர்கள். இடுப்பு எப்படி?

லாரிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். அதற்கு இப்போது பதில் எழுத வரவில்லை.

சலோமா


மின்னசோட்டா
ஜூன் 24, 2008

அன்புள்ள சலோமாவுக்கு,

உன் வீட்டில் சமாதானம் தங்குவதாக. இங்கே ஸ்ட்ராபெர்ரி பழுத்துவிட்டது. எல்லாரும் சுகம்.

வக்கீலம்மாவிடம் ஒன்று சொல். நாடாவும் லாந்தரும் போதாது என்று அரசாங்கம்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே அதில்தான் தோற்றார்கள். லாந்தர் கட்டிய வண்டி ஒன்றுகூட அடிபட்டதாக அவர்களால் காட்ட முடியவில்லை. தீர்ப்பு வந்த அன்று எங்கள் வீட்டுக்கு ஆப்பிள் வைத்துச் சுட்ட பை பலகாரம் இருபத்து மூன்று வந்தது. மூப்பர் என் தோளைத் தட்டி, "மாலோனு, நீ எங்களுக்கெல்லாம் ரோட்டத் திறந்துவிட்டுட்டே!" என்றார். இன்றைக்கும் அந்தப் பேச்சு உண்டு.

தைரியமாக இரு.

மாலோன்


கென்டக்கி
ஆகஸ்ட் 3, 2008

அன்புள்ள அண்ணா,

சுகம். உங்கள் சுகம் அறிய ஆசை. இந்தக் கடிதத்தை நம் குடும்பத்தின் வட்டக் கடிதத்தோடு சேர்த்து மற்ற வீடுகளுக்கு அனுப்பிவிடாதீர்கள். உங்களோடு நிற்கட்டும்.

பிப்ரவரி மாதம் கல்குவாரி மேட்டில் ஒரு லாரி என்னை ஒரு சாண் இடைவெளியில் தாண்டிப் போனது. கைக்குழந்தை மடியில் இருந்தான். முட்டைக் கூடை முழுக்க ரோட்டில் கொட்டியது. டிரைவர் நிறுத்தி ஓடிவந்து, "அம்மா, மேட்டுல ஏறுறவரைக்கும் நீங்க இருக்கறதே தெரியல" என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வீட்டில் வந்து சொன்னேன். "தேவன் காத்தாரு பாத்தியா?" என்றார் ஏனோஸ். காத்தார்தான். ஒவ்வொரு வியாழனும் அவரை அப்படிச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை.

விறகுக் கொட்டகையில் கிடந்த தகட்டை நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் வளைவு தாண்டியதும் வண்டியை நிறுத்தி, பின்னால் கம்பியால் கட்டுவேன். திரும்பும்போது அதே வளைவில் அவிழ்த்து, மாவு மூட்டைக்கு அடியில் வைத்துவிடுவேன். லாரிகள் விலகிப் போனது அதனால்தான் அண்ணா. நீங்கள் அதை விசுவாசம் என்று எழுதினீர்கள். லொவைனாவுக்கு ஆறு வயது. வீடு நெருங்கினதும் அவளே கேட்கிறாள்: "அம்மா, கழட்டியாச்சா?" பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் களவு இது.

டாக்கெட் ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டார். தொப்பியைத் தூக்கி, "ரொம்ப நன்றிம்மா" என்றார். அந்த நன்றிதான் இப்போது வினையாகிவிட்டது. தகடு மாட்டுவது பாவம் என்று நம்புகிறவர்களின் வீட்டு வண்டியிலேயே தகடு இருந்தது என்று அரசாங்க வக்கீலிடம் சொல்லிவிட்டார். பொய்யாகவும் சொல்லவில்லை, கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. சாட்சிப் பட்டியலில் மூன்றாவது பெயர் என்னுடையது.

ஏனோஸுக்கு இன்னும் தெரியாது. நான் உண்மையைச் சொன்னால் எட்டுப் பேரின் விசுவாசமும் வெறும் பிடிவாதம் என்றாகிவிடும். என்ன செய்யட்டும்?

சலோமா


மின்னசோட்டா
ஆகஸ்ட் 12, 2008

சலோமா,

கர்த்தர் உனக்குப் புத்தி தரட்டும். கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன்.

பேசாமல் இரு. புருஷனுடைய வழக்கில் பெண்சாதியை வற்புறுத்திப் பேசவைக்க முடியாது என்று கேள்வி. தனக்கே கேடாக யாரையும் பேசவைக்கவும் முடியாது. இது பெரிய சட்டத்திலும் உண்டு, உங்கள் மாநிலச் சட்டத்திலும் உண்டு. வக்கீலம்மாவைக் கேட்டு அந்த உரிமையைப் பிடித்துக்கொள்.

சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. பலருடைய நன்மைக்காக ஒருவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் தேவன் அதைக் கணக்கில் வைக்க மாட்டார் என்றே நான் நம்பி வந்திருக்கிறேன்.

தகட்டை எரித்துவிடு.

மாலோன்


கென்டக்கி
செப்டம்பர் 9, 2008

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபம். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நேற்று கோர்ட். வக்கீலம்மா காதோடு காதாக, "நீங்க பதில் சொல்லியே ஆகணும்னு இல்லம்மா. அது உங்க உரிமை" என்றார். சிறுவயதில் நான் ஜாம் திருடியபோது, கேட்டும் பேசாமல் நிற்பது பொய்தான் என்று சொல்லி மாடிப்படியில் உட்காரவைத்தது நீங்கள்தான். அதனால் சொல்லிவிட்டேன்.

நாம் சத்தியம் செய்வதில்லை என்பதால், உண்மை சொல்வேன் என்று மட்டும் உறுதி சொன்னேன். அரசாங்க வக்கீல் இளைஞர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"தகடு மாட்டுறது பாவம்னு உங்க சபை சொல்லுது. நீங்க மாட்டினீங்களா?"

"மாட்டினேன்."

"எத்தன தடவ?"

"வியாழக்கிழமைதோறும். மே மாசத்துலருந்து."

"அப்போ உங்களுக்குக் கடவுள் மேல நம்பிக்கை இல்லையா?"

"கடவுள் மேல இருக்குங்க. லாரிக்காரங்க மேலதான் இல்ல."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதிகூட வாயைத் துடைத்துக்கொண்டார். சபை ஆண்கள் எட்டுப் பேரும் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஏனோஸ்தான் வண்டி ஓட்டினார். கல்குவாரி மேட்டில், பின்னால் லாரி வருகிற சத்தம் கேட்டபோது, என் கை தானாகப் பிள்ளைகளைச் சேர்த்து அணைத்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தகட்டை எரிக்கவில்லை. அலுமினியம் எரியாது அண்ணா.

சலோமா


கென்டக்கி
அக்டோபர் 14, 2008

அன்புள்ள அண்ணாவுக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதம் வரவில்லை. சுகமின்மையாக இருக்காது என்று நம்புகிறேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. நீங்கள் சொன்ன அந்த அழகான வரியை நீதிபதி சத்தமாகவே வாசித்தார். மனச்சாட்சி, மனித அதிகாரம், எல்லாம். எங்கள் மூப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, "இந்த வரி நாட்டுச் சட்டம் கொடுப்பதற்கு மேல் எதையும் கொடுப்பதாக நான் கருதவில்லை. இவர்கள் விசுவாசம் உண்மை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் பொது விதி எல்லாருக்கும் பொது" என்று மூடிவிட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகவில்லை.

கவனித்தீர்களா? விசுவாசம் உண்மை என்றே வைத்துக்கொண்டார். நான் தகடு மாட்டியதை அவர் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. நான் வாயைத் திறந்திருந்தாலும் திறக்காவிட்டாலும் இதே தீர்ப்புதான். என் தட்டு மட்டும் தனி மேசைக்குப் போய்விட்டது. சபை முன்னால் முழங்காலில் நின்று ஒத்துக்கொண்டேன். ஆறு வாரம் விலக்கி வைத்திருக்கிறார்கள். ஏனோஸ் சின்ன மேசையை எங்கள் மேசையிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டு, அதற்குத் தனித் துணி விரித்திருக்கிறார். உருளைக்கிழங்குச் சட்டியை என் கையிலிருந்து வாங்கமாட்டார். நான் கீழே வைத்த பிறகு எடுத்துக்கொள்கிறார். லொவைனா அந்த நாலு விரல் சந்தில் தன் கையை வைத்து மூடிப் பார்க்கிறாள்.

இப்போது நிலத்தை விற்றுவிட்டு உங்கள் பக்கத்துக்கே வருவது என்று தீர்மானம். "அங்க நம்மள எவனும் தகடு மாட்டச் சொல்ல முடியாது சலோமா. அங்க நாம சுதந்திரமா இருக்கலாம்" என்கிறார். ஊரெல்லாம் எனக்கு வாழ்த்துச் சொல்கிறது. எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. இங்கே புருஷனும் சபையும் ஒரு பக்கம் நின்றாலும், தகட்டைக் கட்டுகிற அந்த நேரத்தில் சட்டமாவது என் பக்கம் இருந்தது. அங்கே அதுவும் அவர்கள் பக்கம். நீங்கள் திறந்துவிட்ட ரோட்டில் எனக்கு இடம் எங்கே அண்ணா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு வழியில் மேடு உண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.

சலோமா


கென்டக்கி
நவம்பர் 25, 2008

அண்ணா,

எல்லாரும் சுகம். நான் பெரிய மேசைக்கு வந்துவிட்டேன். நிலத்துக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மேட்டைப் பற்றித்தானே கேட்டேன்? அதற்கு ஒரு வரி போதும்.

சலோமா


மின்னசோட்டா
ஜனவரி 6, 2009

என் அன்புத் தங்கைக்கு,

சமாதானம் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. உடம்பு சுகம்.

உன் மூன்று கடிதங்களையும் வேதாகமத்துக்குள் வைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் அன்று ஃபேனி எடுத்து வாசித்துவிட்டாள். அடுப்படியில் ஊன்றுகோலோடு நின்றபடி, "நீங்க எழுதுறீங்களா, இல்ல நான் எழுதட்டுமா?" என்றாள். பதினாறு வருடத்தில் அவள் என்னை அதட்டியது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகும் எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

மேடு உண்டு. எங்கள் வாசலிலிருந்து அரை மைல்.

குதிரை மிரளவில்லை சலோமா. தீர்ப்பு வந்து இரண்டாவது வருடம், அக்டோபர் மாதம், சாயங்காலம். லாந்தர் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளி நாடாவும் ஒட்டியிருந்தேன். நாங்கள் மேட்டைத் தாண்டி இறங்கியதும், எங்களுக்குப் பின்னால் மேடேறி வந்த பிக்கப் வண்டி எங்களை அடித்தது. ஃபேனிக்கு இடுப்பு போனது. வயிற்றில் ஏழு மாதம், அதுவும் போனது. ஓட்டிவந்த பையன் பள்ளத்தில் உட்கார்ந்து, "லாந்தர் தெரியல சார், தெரிஞ்சதும் பிரேக் போட்டேன் சார்" என்று அழுதான். நான் அவனைப் போகச் சொல்லிவிட்டேன். மன்னித்தேன் என்றுதான் அன்று நினைத்தேன். அவன் போனால் சாட்சி இல்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. லாந்தர் வண்டி ஒன்றுகூட அடிபடவில்லை என்றுதானே ஜெயித்தோம்? இது தெரிந்தால் அரசாங்கம் வழக்கைத் திரும்பக் கிளப்பும், எல்லாரையும் மறுபடி ஜெயிலுக்கு அனுப்பும் என்று பயந்தேன். ரோட்டைத் திறந்துவிட்டவன் என்ற பெயரும் போய்விடும். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். குதிரை மிரண்டது என்று ஊருக்குச் சொன்னேன். உனக்கும் அதையே எழுதினேன். ரெக்ஸ் சாதுவான குதிரை. அதை ஏலத்தில் விற்றேன். மிரளுகிற குதிரை என்றதால் ஓட்டுவதற்கு யாரும் வாங்கவில்லை. கறிக்கு வாங்கிப் போனார்கள்.

உன்னைப் பேசாமல் இரு என்று எழுதியவன் இவன்தான்.

வசந்தகாலத் திருவிருந்துக்கு முன் சபையில் சொல்லிவிடுவேன். என்ன ஆகும் என்று தெரியாது. நாடாவும் லாந்தரும் போதாது என்று சபை சொல்லப்போவதில்லை. தேவ சித்தம் என்றுதான் சொல்வார்கள். உன்னை வரச் சொல்லவும் கை வரவில்லை, வராதே என்று எழுதவும் வரவில்லை.

உன் அண்ணன்,
மாலோன்

(கீழே, வேறு கையெழுத்தில்)

சலோமா, வரும்போது அதை விட்டுவிட்டு வராதே. — ஃபேனி


கென்டக்கி
பிப்ரவரி 2, 2009

அன்புள்ள அண்ணனுக்கும் என் மதினிக்கும்,

சுகம். உங்கள் கடிதத்தைக் கொட்டகையில் நின்று வாசித்தேன். மதினிக்காக அழுதேன், பிறக்காத அந்தப் பிள்ளைக்காக அழுதேன். பதினாறு வருடமாக நான் திட்டிய குதிரைக்காகவும் அழுதேன். உங்கள் மேல் கோபம் இருக்கிறது அண்ணா. அது நேரில் தீரட்டும்.

நிலம் கைமாறிவிட்டது. கையெழுத்துப் போட்டது ஏனோஸ், என்னைக் கேட்கவில்லை. மார்ச் மூன்றாம் தேதி வாடகை வேனில் ஏறுகிறோம். உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். முழுவதும் வாசித்தார். மடித்துக் கொடுத்து, "தேவ சித்தம்" என்றார். பிறகு எழுந்து போய் லாந்தர் கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடிதான்.

தகடு போர்வைப் பெட்டியின் அடியில், அம்மா தைத்த கறுப்புப் போர்வைக்குள் இருக்கிறது. பெட்டியைக் கட்டும்போது லொவைனா பக்கத்தில் நின்றாள். "அங்கயும் வளைவு இருக்குமாம்மா?" என்றாள். நான் பெட்டியின் கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

நூலகத்துக்குப் போகிற பழக்கம் உங்களுக்கு உண்டே, எனக்காக ஒருநாள் போங்கள். மனச்சாட்சிக்கு விரோதமாக ஒருவர் வண்டியில் தகடு மாட்டச் சொல்ல அரசாங்கத்தால் முடியாது என்று உங்கள் சட்டத்தில் இருக்கிறது. சரி. என் மனச்சாட்சி மாட்டச் சொல்கிறது. கழற்று என்று என் புருஷனோ சபையோ சொல்ல முடியாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா? பெரிய சட்டத்திலும் பாருங்கள், சின்னச் சட்டத்திலும் பாருங்கள். அவசரம் இல்லை. நாங்கள் மேட்டுக்கு வந்து சேர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

உங்கள் தங்கை,
சலோமா